வட்டியில்லாத மடிக்கணினி

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றபடியே பணிக்குச் செல்லும் குடும்பம் எங்களுடையது. அலுவலகப் பணிக்கும் மகனின் விளையாட்டுக்கும் ஒரே மடிக்கணினி வாங்கத் தீர்மானித்தோம்.

ரிச்சி தெருவில் விசாரித்தோம். தனி கிராபிக்ஸ் சிப்பும் 16 ஜிபி நினைவகமும் கொண்டவற்றில் பல 2 கிலோவுக்கு மேல். சார்ஜரின் எடை வேறு. எடை குறைந்தால் விலை ஏறுகிறது.

"தவணையில் எடுங்கள், வட்டியே இல்லை" என்றார் கடைக்காரர். மனம் இளகியது. விளக்கம் கேட்டபோதுதான் உண்மை புரிந்தது: வங்கி வட்டி போடுகிறது, அத்தொகை தள்ளுபடியாக முன்பே கழிக்கப்படுகிறது, அவ்வட்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் தலையில். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெரிவித்திருக்கிறது. அல்லாஹ் விலக்கியதைப் பெயர் மாற்றி வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை.

வெறுங்கையுடன் திரும்பினோம். மகனின் முகம் வாடியது. ஏழு மாதங்கள் சேமித்தோம். பெருநாள் காசை அவனும் தந்தான்.

அல்ஹம்துலில்லாஹ், 1.7 கிலோவில், நடுத்தர கிராபிக்ஸ் சிப்புடன் ஒன்று வாங்கினோம். பெரிய விளையாட்டுகள் காட்சித் தரத்தைக் குறைத்தால்தான் ஓடுகின்றன. இஷாவுக்குப் பின்னரே விளையாட்டு என்று மகனே விதித்துக்கொண்டான். கடனில்லாத பொருள் தோளுக்கும் உள்ளத்துக்கும் இலேசாக இருக்கிறது.