ஏழு ஷில்லிங்

ஆங்கில இலக்கியத்தை மூன்று வருஷம் பாடமாகப் படித்தவனுக்கு இங்கிலாந்தில் தூரம் என்று ஒன்று கிடையாது. ஹார்டியின் டார்செட், பிராண்டி சகோதரிகளின் ஹாவொர்த், வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரிகள் எல்லாம் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தவை. 2023 மே மாதக் கடைசியில், ரெடிங் நகரில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய் அங்கிருந்து ஆறு நாள் காரில் சுற்றுவது என்று முடிவானபோது நான் போட்டு அனுப்பிய திட்டம் இந்த நோட்டுப்புத்தக பூகோளத்தைத்தான் அனுசரித்தது. முதல் இரவு டார்செஸ்டர், அடுத்து ஹாவொர்த், பிறகு கிராஸ்மியர், பிறகு வேர்ட்ஸ்வொர்த் பிறந்த காக்கர்மத். நண்பனின் மனைவி பதில் எழுதினாள். "அண்ணே, டார்செஸ்டர்லேருந்து காக்கர்மத் முன்னூறு மைலுக்கு மேலே. நீங்க சொல்ற மாதிரி போனா எந்த ஊர்லேயும் இறங்க வேண்டாம். ஜன்னல் வழியாப் பாத்துக்கலாம்."

அவள் போட்ட திட்டத்தில் இரண்டே தங்குமிடங்கள். கெண்டல் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் மூன்று இரவு; அல்ஸ்வாட்டர் ஏரியின் தென்கோடியில், கீழே மதுக்கூடமும் மேலே ஐந்தாறு அறைகளுமாக இருக்கும் ஒரு பழைய விடுதியில் இரண்டு இரவு. இதில் இருக்கும் யுக்தி எனக்குப் போனபிறகுதான் புரிந்தது. தினம் ஓர் ஊர் என்றால் தினம் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும். அடுத்த இடத்தில் பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு முன்னால் கதவைத் திறக்கமாட்டார்கள். நடுவில் ஐந்தாறு மணி நேரம் சாமான்களோடு மழையில் நிற்கவேண்டும். வார இறுதியில் ஒற்றை இரவுக்கு அறை தர மறுக்கும் இடங்களும் அநேகம். அதுவோ பாங்க் ஹாலிடே வாரம், பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை. அவள் பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிட்டிருந்தாள். (ஊர் முழுக்க விடுமுறை கொண்டாடும் நாளுக்கு அந்த நாட்டில் பாங்கின் பெயர். 1871இல் அதற்குச் சட்டம் கொண்டுவந்த ஜான் லப்பக் ஒரு பாங்கர். எங்கள் கிளையில் இதைச் சொன்னபோது யாரும் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை.)

சாமான் விஷயத்தில் அவள் இன்னும் கறார். விமானத்தில் வந்த பெரிய பெட்டி ரெடிங்கிலேயே இருக்கவேண்டும். ஆளுக்கு ஒரு துணிப்பை. சின்னக் காரின் டிக்கியில் கெட்டிப் பெட்டி தன் மூலைகளை விட்டுக்கொடுப்பதில்லை, துணிப்பை வளைந்துகொடுக்கும். அதோடு, பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு ஒரு ஆள் திரும்பும் அகலம்தான். மழைச்சட்டைகளும் சேறு ஒட்டும் பூட்ஸ்களும் தனியாக ஒரு பிளாஸ்டிக் கூடையில், திறந்தவுடன் கைக்கு அகப்படும்படி. சாப்பாட்டு மூட்டை மகளின் காலடியில். எல்லாம் அடங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. பழுப்புத் தாளில் சுற்றிச் சணலால் கட்டி என் பெட்டியில் வந்த ஒரு மூட்டை. 9 கிலோ.

அதில் இருந்தது நண்பனின் ஒரே கவிதைத் தொகுப்பின் 60 பிரதிகள். 2014இல் சொந்தச் செலவில் 300 அடித்தான். அவன் இங்கிலாந்து போனபோது மிச்சமானவை என் வீட்டுப் பரணில் ஏறின. வீட்டை மாற்றும்போது, எலிக்குத் தப்பியவற்றை அவனிடமே ஒப்படைத்துவிடலாம் என்று கொண்டுபோனேன். போகிற வழியில் பர்மிங்ஹாமில் தெரிந்தவர் ஒருவர் வாங்கி நாலு பேருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் மூட்டை டிக்கியில் ஏறியது. பர்மிங்ஹாம் போனபோது அவர் வீடு பூட்டியிருந்தது. மூட்டை எங்களோடு வடக்கே வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்தத் தொகுப்புக்கு வந்த ஒரே மதிப்புரை நான் எழுதியது. நண்பன் என்பதால் தயவு காட்டக்கூடாது என்ற விறைப்பு எனக்கு அப்போது இருந்தது. அனுபவம் கவிதையாக உருமாறவேண்டுமென்றால் அதன் தகவல்கள் உதிரவேண்டும். இந்தக் கவிதைகளில் பஸ்ஸின் தடம், டீயின் விலை, லாட்ஜ் ரசீது எதுவும் உதிரவில்லை. இவை கவிதைகள் அல்ல, டயரிக் குறிப்புகள் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை.

பர்மிங்ஹாமில் காத்திருந்ததில் இரண்டு மணி நேரம் போயிற்று. எம் 6 நெடுஞ்சாலையில் விடுமுறைக் கூட்டம் ஊர்ந்தது. பண்ணை வீட்டில் நாலிலிருந்து ஆறு மணிக்குள் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி மூன்று மைல் இருபுறமும் கல்சுவர், ஒரே ஒரு கார் போகும் அகலம். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்குமிடம் வரைக்கும் பின்னாலேயே போகவேண்டும். நகர எல்லைக்கு வெளியே இப்படிப்பட்ட சந்துகளுக்குப் பெரும்பாலும் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 60 மைல் என்றான் நண்பன். இருபதிலேயே எனக்குப் பிராணன் போயிற்று. தொலைபேசியில் சமிக்ஞை அறுந்துபோனபோது, நண்பனின் மனைவி கைப்பையிலிருந்து தாளில் அச்சிட்ட வழியை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். வீட்டை அடைந்தபோது மணி ஒன்பதேகால். மலை முகட்டில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் நின்றிருந்த அம்மாள் எங்களைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொண்டுவந்த புளியோதரையைக் கட்டிலில் துண்டு விரித்துச் சாப்பிட்டோம். காலையில் அதே அம்மாள் மாமிசம் இல்லாத எங்களுக்காகக் காளானும் தக்காளியும் முட்டையும் தனியே பொரித்து, மகளுக்கு ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டக் கற்றுக்கொடுத்தாள். முகம் மட்டும் மாறவில்லை.

கார் நிறுத்துமிடங்களில் எல்லாம் ஒரு பலகை. விலையுயர்ந்த பொருட்களைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். நண்பன் அதை மிகவும் சிரத்தையாக எடுத்துக்கொண்டான். முதல் இரவே மூட்டையைத் தோளில் வைத்துப் பதிமூன்று படி ஏற்றினான்.

"அது யாருடா திருடப் போறான்?" என்றேன்.

"பலகையிலே போட்டிருக்கானே."

கெண்டலில் ஒருவரை நினைத்துக்கொண்டேன். ஆல்ஃபிரட் வெயின்ரைட். 1948 முதல் 1967 வரை அந்த ஊர் நகராட்சியின் பொக்கிஷதாரர், அதாவது கணக்குப்பிள்ளை. வார இறுதிகளில் மலைகளில் நடந்து, அந்தப் பிரதேசத்தின் குன்றுகளைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். அச்செழுத்தே கிடையாது, எழுத்தும் வரைபடமும் எல்லாம் அவர் கைப்பட. கார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸில்தான் போவார். முதல் தொகுதியை 1955இல் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டார். அச்சகக் கடனை விற்று அடைப்பதாக ஏற்பாடு. அடைத்தும்விட்டார். நமக்குத் தெரிந்த கதையின் முன்பாதி இது. பின்பாதி நமக்கு நேர்வதில்லை. அந்த ஏழு தொகுதிகளிலும் எந்தக் கல்சுவரில் எந்த இடத்தில் வாசல் என்பதுவரை இருக்கிறது. எதுவும் உதிரவில்லை.

கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் 1799 டிசம்பரில் குடியேறிய வீட்டைப் பார்த்தோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அது வழிப்போக்கர்கள் இறங்கிய விடுதி. புறாவும் ஆலிவ் கொம்பும் அதன் அடையாளப் பலகை. அந்தக் குளிரில் அண்ணனும் தங்கையும் பெனைன் மலைகளைக் கடந்து, பெரும்பாலும் நடந்தே, வந்து சேர்ந்தார்கள். 1808இல் அவர்கள் காலி செய்த வீட்டை டி குவின்ஸி எடுத்துக்கொண்டு புத்தகங்களால் நிரப்பினார். அறைகள் சின்னவை. எத்தனை பேர், எத்தனை சாமான் என்று நண்பனின் மனைவி கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். இலக்கியத்தில் பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூட எழுந்ததில்லை. (ஏரிகளுக்கு வழிகாட்டி நூல் எழுதியவரும் அவரே, 1844இல் ரயில் வரக்கூடாது என்று பத்திரிகைக்கு எழுதியவரும் அவரே. ரயில் 1847இல் விண்டர்மியர்வரை வந்துவிட்டது.)

நாலாம் நாள் ஆம்பிள்சைடிலிருந்து கிர்க்ஸ்டோன் கணவாய் வழியாக அல்ஸ்வாட்டருக்கு இறங்கினோம். கணவாய்க்கு ஏறும் அந்தச் சாலைக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் 'போராட்டம்'. முதல் கியரில், டிக்கியில் மூட்டை பின்பக்கம் சரிந்து இடிக்கும் சத்தத்தோடு ஏறினோம். விடுதி அறையின் ஜன்னல் திண்டில் முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போன புத்தகங்கள். துப்பறியும் நாவல்கள் நாலைந்து, அட்டை பிரிந்த வெயின்ரைட் ஒன்று. மனைவியும் மகளும் தூங்கியபிறகு நானும் நண்பனும் கீழே கணப்பருகே உட்கார்ந்தோம். நான் டோரதியின் நாட்குறிப்பைக் கொண்டுபோயிருந்தேன்.

1802 ஏப்ரல் 15. அண்ணனும் தங்கையும் இதே ஏரிக்கரையில், பலத்த காற்றில், நடந்து வருகிறார்கள். உலகத்துக் கல்லூரிகளில் எல்லாம் மனப்பாடம் செய்யப்படும் அந்த டாஃபடில் மலர்களைப் பார்ப்பது அன்றைக்குத்தான். கவிதை இரண்டு வருஷம் கழித்து எழுதப்பட்டு 1807இல் அச்சாகிறது. அதில் பார்த்தவன் ஒருவன்தான், தங்கை இல்லை. காற்றும் தென்றலாகிவிட்டது. நாட்குறிப்பு மலர்களோடு நிற்பதில்லை. மழையில் நனைந்து பேட்டர்டேல் விடுதிக்கு வருகிறார்கள். வீட்டுக்காரி முகம் கடுகடுவென்று இருக்கிறது. அது அவள் சுபாவம் என்கிறாள் டோரதி. பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும் நன்றாக இருக்கின்றன. ஜன்னலோரம் குவிந்து கிடக்கும் புத்தகங்களிலிருந்து அண்ணன் காங்கிரீவ் நாடகங்களின் உதிரித் தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறான். கிளம்பும்போது கொடுத்தது ஏழு ஷில்லிங்.

இந்தப் பகுதியை நண்பனுக்கு உரக்க வாசித்தேன். வாசித்து முடித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. லாட்ஜ் ரசீது உதிரவேண்டும் என்று எழுதியவன் நான். இருநூறு வருஷம் கழித்து என்னை அந்த அறைக்குள் உட்காரவைப்பது அந்த ஏழு ஷில்லிங்தான், மலர்கள் அல்ல. இதை அவனிடம் சொன்னேன். நேராக மன்னிப்பு என்று சொல்லவில்லை. விமர்சகனின் பாஷையில், என் நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கிறது என்றேன். கேட்கவே அசிங்கமாக இருந்தது.

"நீ எழுதினதாலே நான் நிறுத்தலைடா," என்றான். "உனக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை."

கொஞ்ச நேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னது சரின்னு பட்டுது. உக்காந்து அடிச்சுப் பாத்தேன். பஸ்ஸை அடிச்சேன், டீயை அடிச்சேன். அடிச்சப்புறம் ஒண்ணுமே மிஞ்சலை. அப்போ இருந்தது அது மட்டும்தானோ என்னமோ."

நான், அது மட்டும் இருந்தால் என்ன, டோரதியிடமும் அதுதானே இருக்கிறது என்றேன். அவன் விடவில்லை. அவளுடைய ரசீதை நீ படிப்பது அவள் அண்ணனின் கவிதை உனக்கு மனப்பாடம் என்பதால். அந்தக் கவிதை இல்லாவிட்டால் ஏழு ஷில்லிங் வெறும் ஏழு ஷில்லிங். என் மூட்டைக்கு அண்ணன் யார்? இதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. பிறகு யோசித்ததில், காற்றுக்கும் மழைக்கும் வீட்டுக்காரியின் முகத்துக்கும் நடுவே அந்தத் தொகை வந்து உட்கார்ந்திருக்கும் விதத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் படுகிறது. ஒரு வாக்கியத்தில் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அவ்வளவு நேரமும் இரவல் அறை என்பது அப்போதுதான் தெரிகிறது. அண்ணனின் கவிதை இல்லாமலும் இது நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது. நண்பனின் தொகுப்பைத் திரும்பப் படித்தேன். இரண்டு கவிதைகளில் ரசீது அப்படி உட்கார்ந்திருக்கிறது. மற்றவற்றில் ரசீதாகவே கிடக்கிறது. 2014இல் அந்த இரண்டை நான் பார்க்கவில்லை.

ஊர் திரும்பி மூன்று வாரம் இருக்கும். அவனிடமிருந்து மின்னஞ்சல், அல்ஸ்வாட்டர் விடுதியிலிருந்து அவனுக்கு வந்ததை எனக்குத் தள்ளியிருந்தான். அறை ஜன்னலில் ஒரு புத்தகம் விடுபட்டிருக்கிறது, எங்களுக்குத் தெரியாத எழுத்தில் இருப்பதால் பெயர்ப் பட்டியலைப் பார்த்து உங்களுடையதாக இருக்கும் என்று ஊகித்தோம், தபால் செலவை அனுப்பினால் பத்திரமாகச் சேர்ப்பிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு புகைப்படம். துப்பறியும் நாவலுக்கும் வெயின்ரைட்டுக்கும் நடுவே இருந்து உருவி, திண்டில் நிமிர்த்தி வைத்து எடுத்திருந்தது.

விட்டுவிட்டு வந்ததை அவன் என்னிடம் சொல்லவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று தொலைபேசியில் கேட்டேன். அந்த அம்மாள் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாளே, எப்படிச் சொல்வது என்றான். தபால் செலவு நாலு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அனுப்பிவிட்டிருந்தான். இப்போது ரெடிங்கில் மாடிப்படிக்குக் கீழே மறுபடி 60 பிரதிகள்.