கராஜுக்குக் கொடுக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்

இன்று நம் வீடுகளில் கார் என்பது வெறும் ஆடம்பரமல்ல. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடவும், உம்மாவை டொக்டரிடம் காட்டவும், கல்யாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் போய்வரவும் அது தேவைப்படுகிறது. கணவன்மார் வெளிநாட்டில் உழைக்கும் வீடுகளில் சாரதியும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ஆனால் வண்டி எங்காவது மோதிவிட்டால், "அதெல்லாம் ஆம்பிளைகள் பார்க்கிற வேலை" என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. படிவத்தில் கையொப்பமிடுபவர் யாரோ, அவரே விடயத்தையும் விளங்கியிருக்க வேண்டும். என் தங்கையின் கார் விபத்துக்குள்ளானபோது இந்த உண்மை எனக்கு நன்றாக உறைத்தது.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள். மச்சான் கட்டாரில். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த தங்கையின் காரில், குறுக்குப் பாதையிலிருந்து திடீரெனத் திரும்பிய முச்சக்கர வண்டி ஒன்று மோதியது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. காரின் முன் பம்பரும் இடது பக்க மட்காட்டும் நசுங்கி, ஹெட் லைட்டும் உடைந்திருந்தது. முச்சக்கர வண்டிக்காரர் ஐயாயிரம் ரூபாவை நீட்டி, "இதோட முடிச்சிக்குவம்" என்றாராம். தங்கை அதை வாங்கவில்லை. காப்புறுதி அட்டையில் அச்சிட்டிருந்த இலக்கத்துக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தாள். பிறகுதான் எனக்கு எடுத்தாள்.

அவள் செய்தது சரி. பம்பர் என்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் மூடி மட்டுமே. அதன் பின்னால் இரும்புச் சட்டம், ரேடியேட்டர், லைட்டைத் தாங்கும் பிடிகள் எல்லாம் இருக்கின்றன. உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்பதை வீதியில் நின்று எவராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, வீதியிலேயே கணக்கு முடிப்பது எப்படி? யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. உதவி செய்வதும், உடனே பொலிஸில் அறிவிப்பதும் சட்டப்படி சாரதியின் கடமை. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸுக்கு 119.

காப்புறுதியிலும் வித்தியாசம் உண்டு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. நம் காரின் நசுங்கலுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று நாம் சொல்லும் முழுக் காப்புறுதி இருந்தால்தான் சொந்த வண்டிக்கும் கிடைக்கும். உங்கள் வீட்டு வண்டிக்கு இருப்பது எது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கொம்பனியின் ஆள் ஸ்தலத்துக்கு வந்து படமெடுத்து, படிவம் நிரப்பிப் போனார். அடுத்தது கராஜ். நானும் தங்கையும் மூன்று இடங்களுக்குப் போனோம். முதலாவது, கார்க் கொம்பனியின் ஏஜண்ட் கராஜ். அங்கே புதுப் பாட்ஸ், விலை அதிகம், காத்திருக்கும் நாளும் அதிகம். இரண்டாவது, காப்புறுதிக் கொம்பனி தன் பட்டியலில் வைத்திருக்கும் கராஜ். பணத்தைக் கொம்பனியே நேராகக் கட்டிவிடும் என்பது அதிலுள்ள வசதி. மூன்றாவது, நம் பகுதியிலேயே டிங்கர், பெயின்ட் வேலை செய்யும் கராஜ். எங்கே போனாலும் தங்கை கேட்ட கேள்விகள் ஒன்றுதான். எந்தப் பாகத்தைத் தட்டி நிமிர்த்துவீர்கள், எதை மாற்றுவீர்கள்? போடும் பாட்ஸ் புதியதா, ரீகண்டிஷனா? எத்தனை நாள் எடுக்கும்? வேலைக்கு உத்தரவாதம் எவ்வளவு காலம்? இவற்றை எழுத்தில் தருவீர்களா? பஞ்சிகாவத்தையில் வாங்கும் ரீகண்டிஷன் பாட்ஸ் எல்லாமே கூடாதென்று நான் சொல்லமாட்டேன். நல்ல மட்காட் ஒன்று அங்கே கிடைக்கலாம். ஆனால் புதியதற்குப் பில் போட்டுவிட்டுப் பழையதைப் பூட்டுவது மோசடி.

அந்த மூன்றில் ஓரிடத்தில்தான் சோதனை வந்தது. கராஜ்காரர் காரைச் சுற்றிப் பார்த்தார். பின் கதவில் முன்பே இருந்த ஒரு பள்ளம் அவர் கண்ணில் பட்டது. "ஹஸ்ரத், இதையும் இந்த விபத்திலேயே சேர்த்துவிடுவம். தாத்தா கட்ட வேண்டிய எக்ஸஸ் காசையும் பில்லுக்குள்ள மறைச்சிக்கலாம். எல்லாரும் செய்யிறதுதானே" என்றார். எக்ஸஸ் என்பது ஒவ்வொரு சேதத்திலும் முதற் பகுதியாக நாமே ஏற்க வேண்டிய தொகை. தங்கைக்கு அது 25,000 ரூபா. மாதக் கடைசி. மச்சானின் பணமும் வந்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கராஜ்காரரைப் பார்த்தே சொன்னாள்: "பின் கதவு வேற கதை நானா. நடந்ததை மட்டும் எழுதுங்க."

சீட்டுப் பணத்திலிருந்து அந்த 25,000 ரூபாவைக் கட்டினாள். பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுக்க வைத்திருந்த காசு அது. வேலையை வேறொரு கராஜுக்குக் கொடுத்தாள். பின் கதவின் பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது.

காப்புறுதிக் கொம்பனியை ஏமாற்றினால் யாருக்கு நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கொம்பனியிடம் இருக்கும் பணம் நம்மைப் போன்றவர்கள் கட்டிய பணந்தான். தகாஃபுல் முறையில் இது இன்னும் தெளிவு. அது உறுப்பினர் ஒருவருக்கொருவர் உதவவென்று விட்டுக்கொடுத்த பொது நிதி. அதிலிருந்து பொய் சொல்லி எடுப்பது அயலவரின் பெட்டியிலிருந்து எடுப்பதே. பிடிபட்டால் முழுக் கோரிக்கையையும் கொம்பனி நிராகரிக்கலாம்.

பம்பரைக் கழற்றியபோது ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமும் வளைந்திருந்தது தெரிந்தது. இப்படி நேர்ந்தால் வேலையைத் தொடரவிடாதீர்கள். அப்படியே நிறுத்தி, படமெடுத்து, கொம்பனியின் மதிப்பீட்டாளரை மீண்டும் அழையுங்கள். அவர் பார்த்து அனுமதித்த பின்பே தொடர வேண்டும். தங்கை அவ்வாறே செய்தாள். அந்தச் செலவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வண்டியைத் திருப்பி எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொனட்டுக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரேயளவாக இருக்கிறதா? நிறம் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போகிறதா? லைட்டுகள் எரிகின்றனவா? எயார்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் நிற்கிறதா? ஓட்டிப் பார்க்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா? இவற்றைப் பார்த்துத் திருப்தியான பின்பே "வேலை திருப்தி" என்ற படிவத்தில் கையொப்பம் வையுங்கள். வெற்றுப் படிவத்தில் எவர் கேட்டாலும் கையொப்பமிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாவின் மதிப்பும் விழுந்தது. பழைய கார்களின் விலை மிகவும் ஏறிப்போனது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆனால் பழைய மதிப்பிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு காரின் சந்தை விலை 60 இலட்சம், அதை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதாசார நிபந்தனை உள்ள ஒப்பந்தத்தில் 4 இலட்ச ரூபா சேதத்துக்கு 3 இலட்சமே கிடைக்கும். மீதி உங்கள் தலையில். எனவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது மதிப்பையும் பாருங்கள். சேதம் மிகச் சிறியதென்றால், கோரிக்கை விடுவதால் இழக்கும் 'நோ கிளைம் போனஸ்' எவ்வளவு என்றும் கணக்குப் பாருங்கள். சில வேளை கைக்காசில் திருத்துவதே இலாபம்.

கொம்பனி அநியாயமாக மறுத்துவிட்டால் முதலில் அவர்களுக்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். தீராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். அங்கே பேசுவது உங்கள் கண்ணீரல்ல, உங்கள் கடிதங்களும் படங்களும் பற்றுச்சீட்டுகளும்தான். ஆகவே ஒரு ஃபைல் வாங்கி, எல்லாவற்றின் பிரதியையும் திகதிப்படி அதில் போட்டு வையுங்கள். காப்புறுதி அட்டையைக் காரிலேயே வையுங்கள். ஓட்டப் பழகும் மகளுக்கும், ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே நாட்களில், அந்த அட்டையை எடுத்து வாசிக்கவும் கற்றுக்கொடுங்கள்.