‘பாப்பம்’ எண்டால் ஓமா, இல்லையா?

எங்கள் துறையில் மூன்றாம் வருட முடிவில் மூன்று மாதம் வேலைத்தலப் பயிற்சிக்குப் போக வேண்டும். கூடப் படிக்கிற ஆக்கள் வங்கி, பத்திரிகை, தொண்டு நிறுவனம் என்று போக, எனக்குக் கிடைத்தது யாழ்ப்பாணம் டவுனில் ஒரு சின்ன அச்சகம். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாத்தையும் விடக் கூடுதலாகக் கல்வெட்டு. தொல்லியல் படிக்கிற ஆக்கள் அவசரப்படாதேங்கோ. ஒருவர் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வாறவர்களுக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கட பக்கம் கல்வெட்டு என்று சொல்லுறது.

என் வேலை புரூஃப் பார்ப்பது. கனடாவில் இருக்கிற மகன் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவார். அதைப் பாமினி எழுத்துக்கு மாற்றும்போது ரெண்டு மூன்று எழுத்தாவது குழம்பும். திதி வெண்பாவில் திதி பிழைக்கக்கூடாது. மருமக்கள் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தியேட்டி வீட்டிலேயே சண்டைதான். முதல் கிழமை எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் ஒரு அக்கா, தன் அம்மா தையல் மெஷினில் இருந்து நாலு பிள்ளைகளைப் படிப்பித்ததைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்து, “இதை எங்க போடலாம் தங்கச்சி?” என்று கேட்டா. முதல் பக்கத்தில் போட்டோம். அதுக்குப் பிறகு அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டாம் மாதம் முடியும்போது ஐயா கேட்டார். முதலாளியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “பிள்ளை, நீர் இஞ்சயே நில்லுமன். மாசம் முப்பத்தையாயிரம் தாறன். படிப்பையும் ஒரு பக்கத்தால பாரும்.” அவருக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தது. சின்ன எழுத்து இப்போது பிடிபடுவதில்லை.

நான் சொன்னது: “பாப்பம் ஐயா.”

வீட்டில் அம்மா, “கையில வந்ததை விடாதை” என்றா. அம்மாவைக் குறை சொல்ல ஏலாது. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக் கணக்கில் இருந்து போராடியதைப் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது குடுத்தது மாதம் 20,000 ரூபா. ‘கலைப்பீடமோ?’ என்று சொந்தக்காரர் இழுத்துக் கேட்கிற ஊரில், பட்டம் எடுக்க முதலே 35,000 ரூபாவை வேண்டாம் என்று சொல்ல நான் ஆர்?

ஆனால் எனக்குத் தெரியும். நாலாம் வருடத்தில் ஆய்வேடு இருக்கிறது. செத்தவீட்டுக்கு நேரசூசி கிடையாது. கல்வெட்டை இரவிரவாக இருந்து முடிக்க வேண்டி வரும். இரண்டையும் அரைகுறையாகச் செய்தால் என் பட்டமும் பிழைக்கும், ஆரோ ஒருவரின் அம்மாவின் பெயரும் பிழைக்கும்.

தெரிந்துகொண்டும் இரண்டு கிழமை ‘பாப்பம்’ என்றே இழுத்தேன். பெரியாக்களுக்கு முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்லுவது மரியாதையில்லை என்றுதானே பழகியிருக்கிறோம். நான் ‘பாப்பம்’ என்று சொன்னது ‘இல்லை’ என்ற அர்த்தத்தில். ஐயாவுக்கு விளங்கியது ‘ஓம்’. ஒருநாள் காலமை போனால் என் மேசைக்குப் புதுக் கதிரை வந்திருக்கிறது. உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை வேலை கேட்டு வந்ததாம், “ஆள் இருக்கு” என்று ஐயா திருப்பி அனுப்பிவிட்டாராம். ரைப்செற் பண்ணுற அண்ணா சொன்னார். எனக்குக் கதிரையில் இருக்கவே மனம் வரவில்லை.

அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒரு பொய்யை ஆயத்தப்படுத்தினேன். பிறகு யோசித்தேன். “சுகம் வந்தாப் பிறகு வாருமன்” என்பார். நான் திரும்பவும் ‘பாப்பம்’ என்பேன். பின்னேரம் ஆக்கள் குறைந்த பிறகு போய்ச் சொன்னேன்:

“ஐயா, என்னால நிக்க ஏலாது. வேலை பிடிக்காமல் இல்லை. கடைசி வருசம், ஆய்வு இருக்கு. ரெண்டையும் ஒழுங்காச் செய்ய மாட்டன். முதலே சொல்லியிருக்கோணும், பிழை என்னிலதான். அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ, போக முதல் நான் பழக்கி விடுறன்.”

ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைத்தார். “இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை.” குரலில் கோவம் இல்லை. அதுதான் கூடச் சுட்டது.

அந்தத் தங்கச்சி வந்தா. கடைசி இரண்டு கிழமையும் எனக்குப் பக்கத்தில் இருந்து பழகினா. மூன்றாம் நாளே நான் விட்ட ஒரு ‘ழ’வைப் பிடித்துவிட்டா. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. இப்பவும் கறண்ட் பில் வருகிற அன்று அந்த முப்பத்தையாயிரம் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும். ஆய்வேடு ஓடாத இரவுகளில் எனக்கும் வரும்.

அடுத்த வருடம் பயிற்சிக்குப் போற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லுறன். நிற்க விருப்பமில்லை என்றால், அவர்கள் கேட்ட கிழமையிலேயே சொல்லிவிடுங்கோ. காரணம் ஒன்று போதும், அது உண்மையாக இருக்கட்டும். ‘பாப்பம்’ என்ற சொல்லை, உண்மையிலேயே பார்க்கப் போகிற நாளுக்கு மிச்சம் வையுங்கோ.