கண்டோன்மெண்டில் உதித்த நட்சத்திரங்கள்

அபிமானம் என்பது மிக எளிதாகப் பழிக்கப்படுகிற ஒரு குணம். ஒரு ராகத்தின் மீதோ காவியத்தின் மீதோ ஒருவர் உயிரையே வைத்திருந்தால் அவரை ரசிகர் என்று கொண்டாடும் உலகம், அதே அன்பைச் சினிமா நட்சத்திரங்களின் மீது வைத்திருப்பவரை வேலையற்றவர் என்று ஒதுக்கிவிடுகிறது. அதிலும் அந்த நட்சத்திரங்கள் கடல் கடந்த ஹாலிவுட்டைச் சேர்ந்தவர்களாகவும், நம் பாஷை அறியாதவர்களாகவும், நாம் பிறப்பதற்கு முன்பே புகழின் சிகரத்தைத் தொட்டவர்களாகவும் இருந்துவிட்டால், அந்த அன்புக்கு அர்த்தமே இல்லையென்று தீர்ப்பும் கூறிவிடுகிறது. பெங்களூர் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த நான் அந்தத் தீர்ப்பை ஒருநாளும் ஏற்றதில்லை. கிரேட்டா கார்போவையும் இங்க்ரிட் பெர்க்மனையும் ரொனால்ட் கோல்மனையும் நேசிப்பது எங்கள் பேட்டைவாசிக்கு மிகவும் இயல்பான காரியம் என்றே கருதுகிறேன்.

சிவாஜிநகர் என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது. பழைய தலைமுறைக்கு அது பிளாக்பள்ளி. 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மெண்டை நிறுவியபோது, பட்டாளத்தின் பின்னோடு தமிழ்ச் சீமையிலிருந்து வியாபாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் கூலிக்காரர்களும் வந்து குடியேறி, அந்தத் 'தண்டு'ப் பகுதியைத் தம் சொந்த ஊராக்கிக்கொண்டார்கள். 1947-ல் மைசூர் சமஸ்தானத்திடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரையில் அது வெள்ளையரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. சிப்பாய்களும் துரைமார்களும் நிறைந்த இடத்தில் ஆங்கிலப் படங்கள் வந்து குவிந்ததில் வியப்பில்லை. 1896-ல் நாடகக் கொட்டகையாகத் தோன்றி, பின்னர் ஊமைப் படங்களையும் அதன்பின் பேசும் படங்களையும் காட்டிய எல்ஜின் டாக்கீஸ் எங்கள் பேட்டையிலேயே இருந்தது. மகாத்மா காந்தி சாலை சவுத் பரேடு என்று வழங்கிய காலத்தில், 1936-ல், அங்கே பிளாஸா எழுந்தது. பிரிகேட் ரோட்டில் ரெக்ஸ் வந்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டைக் கடந்து, காமராஜ் சாலை வழியாக மைதானத்தின் ஓரமாகவே நடந்து போனால், ஜீவனத்துக்குக் கறிகாய் விற்கிறவரும் ஹாலிவுட்டின் வாசலை அடைந்துவிடலாம்.

அப்படி அடைந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர்கள். திரைக்கு மிக அருகில், கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய 'காந்தி கிளாஸ்' பெஞ்சுகளில் அவர்கள் அமர்ந்திருந்தார்கள். வசனம் புரியாமல் என்ன ரசித்திருப்பார்கள் என்று கேட்பவர்கள், 1933-ல் திறக்கப்பட்ட எங்கள் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒரு காலைப் பொழுது நின்று பார்க்க வேண்டும். தமிழும் தக்கணி உருதுவும் கன்னடமும் தெலுங்கும் இங்கிலீஷும் ஒரே கூடை எலுமிச்சம்பழத்தின் மேல் மோதிக்கொள்ளும் அந்த இடத்தில், எதிராளியின் வார்த்தை காதில் விழுமுன்பே அவன் புருவத்தையும் உதட்டையும் படித்துவிடாதவன் வியாபாரம் செய்ய இயலாது. முகத்தைப் படிக்கும் வித்தையைப் பிழைப்பாகவே பயின்றவர்கள் இவர்கள். மனித முகத்தையே தன் பிரதான சாதனமாகக் கொண்ட ஒரு கலை வந்து சேர்ந்தபோது, இவர்களைவிடத் தகுதியான ரசிகர்கள் அதற்கு வேறெங்கே கிடைத்திருப்பார்கள்?

பழைய படங்களை மறுபடி திரையிடும் காலைக் காட்சி ஒன்றில், என் பெரியப்பாவுடன் 'குவீன் கிறிஸ்டினா'வைப் பார்த்தேன். 1933-ல் வெளிவந்த படம். காதலுக்காக மகுடத்தையே துறந்த ஸ்வீடன் தேசத்து ராணி, அந்தக் காதலன் கத்திச் சண்டையில் மாண்டபின், அவன் சடலத்தைச் சுமந்து செல்லும் கப்பலின் முன்முனையில் வந்து நிற்கிறாள். காமிரா மெல்ல மெல்ல நெருங்கி, கடைசியில் திரை முழுவதும் கார்போவின் முகம் ஒன்றாகவே ஆகிவிடுகிறது. கண்ணீர் இல்லை, உதட்டில் நடுக்கம் இல்லை, காற்று கூந்தலை அலைக்கிறது, விழிகள் தொலைவில் எதையோ நோக்கி நிலைத்திருக்கின்றன, அவ்வளவுதான். எதையும் நினைக்காமல், கூடுமானவரையில் இமைக்கவும் செய்யாமல், வெற்றுக் காகிதம் போல முகத்தை வைத்துக்கொள்ளும்படி இயக்குநர் ரூபென் மமூலியன் அவரிடம் சொல்லியிருந்தார் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். ஆங்கிலத்தில் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாத பெரியப்பா, படித்து அறிய வேண்டிய அந்த விஷயத்தை வீடு திரும்பும் வழியிலேயே சொல்லிவிட்டார்: "அந்தம்மா அழுதிருந்தா நாம பாத்துட்டு எழுந்து வந்திருப்போம்டா. அவங்க அழல, அந்த வேலைய நம்மகிட்ட விட்டுட்டாங்க."

இந்த நட்சத்திரங்களின் சௌந்தரியத்தைப் பிறவிச் சௌபாக்கியம் என்று மட்டும் எண்ணுவது பெரும் பிழை. அது உழைப்பால் விளைந்த ஒளி. மார்லீன் டீட்ரிக்கின் முகத்துக்கு இயக்குநர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் ஒளி அமைத்த விதத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். பிரதான விளக்கை முகத்துக்கு நேர் எதிரே, வெகு உயரத்தில் வைப்பார். அங்கிருந்து சரிந்து இறங்கும் ஒளி கன்னத்தின் எலும்பைத் துலக்கி, அதன் கீழே நிழலைப் படரவிட்டு, மூக்கின் அடியில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சிறு நிழலை வரையும். 1932-ல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' அப்படிப்பட்ட ஒளியாலேயே நெய்யப்பட்ட படம். அதன் ஒளிப்பதிவுக்காக லீ கார்ம்ஸ் ஆஸ்கர் பரிசு பெற்றார். கர்ப்பக்கிருகத்தின் இருளில் கற்பூர ஆரத்தி மேலெழும்போது மூலவரின் முகத்தில் திடீரென்று ஒரு புன்னகை பிறப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்ட ஜனங்களுக்கு, ஒளியும் நிழலும் சேர்ந்து ஒரு முகத்துக்கு உயிர் தரும் ரகசியத்தை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்நிய மோகம் என்று சிலர் இதைக் குறை கூறுவதுண்டு. ஆனால் இந்த அன்பு ஒருவழிப் பாதையாக இருந்ததே இல்லை. எங்கள் மைசூர் ராஜ்யத்துக் காராப்பூரில், 1924-ல், ஒரு யானைப் பாகனின் மகனாகப் பிறந்த சாபு, 1937-ல் 'எலிபென்ட் பாய்' படத்தில் தோன்றி, 'தீஃப் ஆஃப் பாக்தாத்', 'ஜங்கிள் புக்' என்று உலகத்தையே வசீகரித்து, அமெரிக்கப் பிரஜையாகி, இரண்டாம் உலக யுத்தத்தில் அந்நாட்டு விமானப் படையில் துப்பாக்கி வீரராகப் பணிபுரிந்து பதக்கமும் பெற்று, 39 வயதில் கலிபோர்னியாவில் மறைந்தார். அங்கிருந்து இங்கே வந்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழே அறியாத அந்த அமெரிக்கர், 1936-ல் 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆரை முதன்முதலாகத் திரைக்குக் கொண்டுவந்து, 'சகுந்தலை', 'மீரா' படங்களில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தை நம் கண்களில் நிரந்தரமாகப் பதித்துவிட்டார். காந்தி கிளாஸில் இருந்தவர்கள் ஆங்கிலம் தெரியாமல் செய்ததையே அவர் தமிழ் தெரியாமல் காமிராவுக்குப் பின்னாலிருந்து செய்தார். அரசனின் உருவத்தையே கொண்ட வேறொருவன் அரியணையில் அமரும், கோல்மன் நடித்த 'பிரிசனர் ஆஃப் ஸெண்டா'வின் கதை, 1958-ல் 'நாடோடி மன்ன'னாக மாறி நம் ஏழை ஜனங்களின் கனவாகவே ஆகிவிடவில்லையா? ரொனால்ட் கோல்மனை நேசித்தவர்களுக்கு எம்.ஜி.ஆர் மீதிருந்த அபிமானம் அதனால் இரட்டிப்பாயிற்றே தவிர, குன்றவில்லை.

இன்று எல்ஜினில் படம் இல்லை. பிளாஸா இருந்த இடத்தை மெட்ரோ ரயில் எடுத்துக்கொண்டது. ரெக்ஸ் 2018 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கதவை மூடிக்கொண்டது. கட்டடங்களுக்காக நான் வருந்தாமல் இல்லை. ஆயினும் அவற்றைவிடப் பெரிய நஷ்டம், ஒரு முகத்தை அவசரமின்றி, பலரோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் நம்மை விட்டு அகல்வதுதான். உள்ளங்கைப் போனில் கார்போ கிடைக்கிறார். ஆனால் கட்டைவிரலால் தள்ளிவிடப்படும் முகம் யாரிடமும் பேசுவதில்லை. ஆகவே பழைய ரசிகர்களாகிய நமக்கு ஒரு கடமை இருக்கிறது: வீட்டுப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமையில் அருகே அமர்த்தி, 'காஸாபிளாங்கா'வையோ 'ரோமன் ஹாலிடே'யையோ ஆரம்பம் முதல் முடிவு வரை, இடையில் எழுந்துபோகாமல், கூட இருந்து பார்க்க வேண்டும்.

ஏனென்றால் இந்த அபிமானம் கற்றுத்தருவது சினிமாவை மட்டுமன்று. பாஷையும் தேசமும் வேறான ஒரு முகத்தின் துக்கத்தைத் தன் துக்கமாக உணர்ந்து பழகியவன், வயிற்றுப்பிழைப்புக்காக வடகிழக்கிலிருந்தோ பீகாரிலிருந்தோ இன்று எங்கள் சிவாஜிநகர்ச் சந்துகளில் வந்து குடியேறுகிறவனை அந்நியனென்று எண்ணி முகம் திருப்பிக்கொள்ள மாட்டான். பட்டாளத்தின் பின்னோடு எங்கள் பாட்டனார் இந்த ஊருக்கு வந்தபோது அவர் முகத்தையும் யாரோ அப்படித்தான் அன்போடு படித்திருக்க வேண்டும். அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு வேண்டிய மனப்பயிற்சியை எனக்கு அளித்தவர்கள் ஹாலிவுட்டின் நட்சத்திரங்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமையே.