தொட்டு விளையாட ஒரு ரயில்

என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. தாத்தா ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. அதற்குள் பதினோரு எஞ்சின்களும் ஏழு பெட்டிகளும் வைத்திருந்தேன். எல்லாம் பீங்கான் பொம்மை. விருத்தாசலத்தில் செய்தவை. பழைய துணியில் சுற்றி, நடுவில் வைக்கோல் திணித்து, பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். பஞ்சமி நிலப் பிரச்சினைக்காக வீட்டுக்கு வரும் தோழர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். "மனு எழுதுற நேரம் போவ சொப்பு வெச்சி வெளயாடுறியா?" என்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். அந்தப் பெட்டி ஏன் பூட்டியிருந்தது, இப்போது ஏன் காலியாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சி. காலனியில் வீடு. விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறித்தான் அம்மா பொம்மை கம்பெனி வேலைக்குப் போனார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்தது விருத்தாசலத்துப் பீங்கான் தொழில். பீங்கான் தொழில்நுட்பம் படிக்க அரசு நிறுவனமும் அங்கே உண்டு. கரண்டு பியூஸ் கட்டை, அகல்விளக்கு, பொம்மை என்று சின்னச் சின்னக் கம்பெனிகளில் வேலை நடக்கும். எங்கள் தெருப் பெண்கள் பலபேருக்கு அதுதான் சோறு. அறுப்பு இல்லாத மாதங்களில் அது ஒன்றுதான் சோறு.

பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று படித்தவர்கள் பலருக்குத் தெரியாது. களிமண்ணை மோர் பதத்துக்குக் கரைத்து பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மோல்டுக்குள் ஊற்ற வேண்டும். மோல்டு தண்ணீரை உறிஞ்சும். உள்பக்கம் தோல் மாதிரி மண் படியும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, மிச்சக் கரைசலைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் இறுகியதும் மோல்டின் இரண்டு பாதியையும் பிரித்தால் பொம்மை ஈரத்தோடு நிற்கும். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பிசிறு ஓடியிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஸ்பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். பிறகு காய்ச்சல், சூளை, பெயிண்டு. அம்மாவுக்குப் பிசிறு சீவும் வேலை. இத்தனை உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சூளையில் வெடித்தால் அந்த உருப்படிக்குக் காசு இல்லை. காய்ந்த மண்ணைச் சீவும்போது மாவாகப் பறக்கும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் இறுகிவிடும், சிலிக்கோசிஸ் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அது வெறும் இருமல். முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வதோடு சரி.

வெடித்ததையும் மூக்கு உடைந்ததையும் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருவார். எங்களுக்கு வந்த பொம்மை எல்லாமே ஊனம்தான். கையில்லாத கிருஷ்ணர், காதில்லாத யானை. ஒரு நாள் புகைபோக்கி உடைந்த ரயில் எஞ்சின் வந்தது. சாண் நீளம். சக்கரம் சுற்றாது, மண்ணோடு மண்ணாக ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்தேன். தெருவே பின்னால் ஓடி வந்தது.

தாத்தாதான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவன்டா செஞ்சான் இத? ஒரு பக்கம் ரெண்டு சக்கரம்தான் வெச்சிருக்கான். ஒய்.பி.க்கு நடுவுல ஒரு பக்கம் மூணு பெரிய சக்கரம் இருக்கும்டா. ரயிலையே பாக்காத பய" என்றார்.

தாத்தா ரயிலைப் பார்த்தவர். விருத்தாசலத்துக்கும் பெண்ணாடத்துக்கும் நடுவே தாழநல்லூர்ப் பக்கம் மீட்டர்கேஜ் பாதையில் வேலை. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இடித்து இடித்து உள்ளங்கை ஸ்லீப்பர் கட்டை மாதிரி ஆகியிருந்தது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. லால்பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். அதைப் பாடப்புத்தகத்தில் நேர்மைக்கு உதாரணமாகப் படித்தோம். தாத்தாவுக்கு அந்த விபத்து வேறு மாதிரி ஞாபகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் ராத்திரி மழையில் அரிக்கேன் விளக்கோடு பாலத்தண்டை நின்ற ஞாபகம். அவர் நின்றதால் எத்தனை ரயில் ஒழுங்காகப் போனது என்பதற்குக் கணக்கு இல்லை.

ரயில் வந்தால் சாதி கரையும் என்று நம்பியவர்கள் உண்டு. ரயில்வேயிலிருந்து பிறக்கும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைக்கும் என்று 1853 இல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார். ஆனால் 1901 இல் சிறுவன் அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கப் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, மகார் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போனார்கள். நம் நாட்டு ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் போராடி 1941 இல்தான் அது ஒழிந்தது. பெட்டிக்குள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தோம், உண்மை. அதே பெட்டிக்கு அடியில் தண்டவாளத்தில் விழுந்த மலத்தை யார் அள்ளினார்கள் என்பதும் உண்மை. 1993 இல் ஒரு சட்டம், 2013 இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. ரயில் எங்களை ஏற்றிக்கொண்டது. கூடவே சாதியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறியது.

எனக்கு எட்டு வயதிருக்கும். நவராத்திரி சமயம். கம்பெனியிலிருந்து ஒரு பெரிய வீட்டுக்குப் பொம்மைக்கூடை கொண்டுபோய்க் கொடுக்க அம்மாவை அனுப்பினார்கள். நானும் போனேன். வாசலிலிருந்து பார்த்தால் உள்ளே கொலு தெரிந்தது. கீழ்ப்படிக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைவிட்டு, கண்ணாடித் துண்டில் குளம் வைத்திருந்தார்கள். அந்தக் குளத்தின் கரையில் ரயில் ஒன்று. பச்சை எஞ்சின், சிவப்புப் பெட்டிகள். புகைபோக்கி முழுசாக இருந்தது. அம்மா கை பட்ட ரயில். நான் என்னையறியாமல் வாசற்படியில் ஒரு கால் வைத்துக் கையை நீட்டிவிட்டேன். பத்தடி தள்ளியிருந்த பொம்மையை நான் எப்படித் தொட முடியும்? ஆனாலும் குரல் வந்தது: "ஏய், எட்டி நில்லு! தொடாத!"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "அந்த எஞ்சினு அடியில பிசிறு சரியா போவல. அவசரத்துல வுட்டுட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

தமிழ் எம்.ஏ. முடித்து, இயக்கத்துக்கு வந்து, ஊர் ஊராக அலைகிற காலத்தில்தான் ரயில்களைத் தேட ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா வேலை செய்த கம்பெனி மூடிவிட்டது. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்துவிட்டது. தாத்தாவும் இல்லை. ஒவ்வொன்றும் போன பிறகுதான் அது இருந்ததே தெரிகிறது. பழைய இரும்புக் கடை, சூளைக்குப் பின்னால் கொட்டிய குப்பைமேடு, எங்கள் தெருவின் மாடக்குழிகள் என்று தேடினேன். ஒரு ஆயா வெற்றிலைப் பெட்டிக்குள் சுண்ணாம்பு வைக்க ஒரு ரயில் பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். வேறு கிண்ணம் வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

பழுது பார்க்கக் கற்றுக்கொண்டது தவறு செய்துதான். முதல் எஞ்சினைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பெயிண்டு முழுக்க உரிந்து வந்துவிட்டது. விலை மலிந்த பொம்மைக்கு வண்ணத்தைச் சுட மாட்டார்கள், சூளையிலிருந்து வந்த பிறகு மேலே பூசுவதுதான் என்று அம்மா அப்புறம் திட்டினார். அதிலிருந்து ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுப்பேன். உடைந்த விளிம்பில் பழைய பசை இருந்தால் பிளேடால் சுரண்டி, அரால்டைட் இரண்டு டியூபையும் சமமாகக் கலந்து, மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி அசையாமல் மணலில் நட்டு வைப்பேன். இல்லாத புகைபோக்கியை எம்-சீலில் உருட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனாமல் தொடுவேன். உள்பக்கம் மட்டும் கை வைக்க மாட்டேன். ஈரத்தில் தாங்கிப் பிடித்த விரல் பதிந்து அப்படியே சுட்டிருக்கும். அது எங்கள் தெருப் பெண்களில் யாரோ ஒருத்தருடைய விரல்.

ஒருமுறை வெளியூரில், பழைய பொம்மை ரயில்கள் சேகரிக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு நண்பர் கூட்டிப்போனார். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891 லேயே தண்டவாளத்துக்கு அளவு வகுத்துப் பொம்மை ரயில் விற்றது, இங்கிலாந்தில் லிவர்பூல் ஹார்ன்பி 1920 இல் சாவி கொடுத்து ஓடும் ரயில் கொண்டுவந்தது என்று அன்போடு விளக்கினார். அட்டைப்பெட்டி கலையாமல், ஒரு குழந்தையும் விளையாடாமல் இருக்கும் ரயிலுக்குத்தான் விலை அதிகம் என்றார். பிறகு என் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தார். "அடியில் செய்தவர் பேர் ஒன்றும் இல்லையே. பேர் இல்லாட்டி இதுக்கு மதிப்பு இல்ல தம்பி."

அவர் மனசில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்கு வலித்தது. பெயர் எழுதும் உரிமை யாருக்கு இருந்தது? அவர் ரயில்களுக்குப் பெயர் உண்டு, வருஷம் உண்டு, புத்தகம் உண்டு. அங்கேயும் தகரத்தை வெட்டி வண்ணம் பூசியவளின் பெயர் இல்லை, கம்பெனி பெயர்தான். இருந்தும் அந்த மதிப்பு எனக்குள்ளும் புகுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும்தான் தகரப்பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். என் ரயில்களுக்கும் ஒரு மதிப்பு வர வேண்டும், எனவே யாரும் தொடக் கூடாது. அப்படித்தான் நினைத்தேன்.

காலனியில் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். ஒரு நாள் ரயில்வே பற்றிப் பேச, பச்சை எஞ்சின் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கொலுவில் பார்த்த அதே அச்சு. மூன்று மாதம் உட்கார்ந்து சரிசெய்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில், மூன்றாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து கையை நீட்டியிருக்கிறது. திரும்பிப் பார்த்ததும் கத்திவிட்டேன்: "ஏய், எட்டி நில்லு! தொடாத!"

பிள்ளை பயந்து கையை உதறியதில் எஞ்சின் கீழே விழுந்தது. புகைபோக்கி தெறித்து ஓடியது. யாரும் பேசவில்லை. அந்தப் பிள்ளை அழவும் இல்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்த ஊட்டுக்காரம்மா கொரலு அப்படியே வருதுடா ஒனக்கு."

மேடை மேடையாகத் தீண்டாமை பற்றிப் பேசியவன் நான். எங்கள் பிள்ளையின் கையைப் பார்த்து, எங்கள் பெண்களின் கை செய்த பொருளைத் தொடாதே என்று என் வாயே சொன்னது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்ன? எங்கள் உழைப்பின் வரலாற்றையா, அல்லது தொடாமல் வைத்திருப்பதுதான் உயர்வு என்ற அவர்களுடைய புத்தியையா? நம் பறையையும் பாட்டையும் சொல்லையும் சேகரிக்கிற நாம் ஒவ்வொருவரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பூட்டி வைத்தால் அது பத்திரமாக இருக்கும். யாருக்காகப் பத்திரமாக இருக்கும்?

மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா, நானே ஒட்டித் தரட்டா?" என்றது. ஒட்டியது. புகைபோக்கி கோணலாக நிற்கிறது. நான் திருத்தவில்லை.

அம்மாதான் அடுத்த வழியைச் சொன்னார். "பொம்மை ஒடையத்தான் செய்யும். மோல்டு இருந்தா நாலு வாத்துக்கலாம்." அந்த மூடிய கம்பெனியின் மோல்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. எஞ்சினிலிருந்தே மோல்டு எடுத்தோம். பாதி உடம்பைக் களிமண்ணில் புதைத்து, மேலே சோப்புக் கரைசல் தடவி, பலகை கட்டி பிளாஸ்டர் ஊற்றினோம். இறுகும்போது சூடு கிளம்பியதைத் தொட்டுப் பார்த்துப் பிள்ளைகள் கத்தின. திருப்பிப் போட்டு அடுத்த பாதி. வெயிலில் நாள்கணக்காகக் காய்ச்சல். எஞ்சியிருக்கும் சின்னச் சூளைக்காரர் ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு சுட்டுத் தர ஒத்துக்கொண்டார்.

வந்த எஞ்சினைப் பழசின் பக்கத்தில் வைத்தால் சின்னதாக இருந்தது. மண் காய்ந்து வேகும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். சுட்ட பொம்மையிலிருந்து எடுத்த மோல்டில் வார்த்தால் பிள்ளை தாயைவிடச் சின்னதுதான். அதற்கு மோல்டு எடுத்தால் இன்னும் சின்னது. நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றும் இருக்காது. எனவே பிள்ளைகள் புதுசாகவே களிமண்ணில் ஒரு எஞ்சின் பிடித்தன, கொஞ்சம் பெரிசாக. தாத்தா சொன்னதை நான் சொன்னேன். ஒரு பக்கம் மூன்று பெரிய சக்கரம். அதற்குத்தான் இப்போது மோல்டு இருக்கிறது. ஒரு மோல்டு நூறு தடவைக்குள் மழுங்கிவிடும். அதற்குள் அடுத்ததை எடுக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

தகரப்பெட்டியிலிருந்த பதினெட்டும் பாடசாலை அலமாரியில் இருக்கின்றன. அலமாரிக்குக் கதவு இல்லை. இதுவரை இரண்டு உடைந்திருக்கிறது.

புது எஞ்சின் ஈரமாக இருக்கும்போது, அதைச் செய்த பிள்ளை ஆணியால் அடியில் தன் பெயரைக் கீறுகிறது. போன மாதம் அம்மாவும் ஒன்றுக்குப் பிசிறு சீவினார். அறிவொளி இயக்க வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்தில், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அடியில் பெயர் எழுதினார். ஒரு எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டது. அழிக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டன.