கிளம்புறது ஈஸி... நிக்கிறது?

காலேஜ் பார்க்கிங்ல ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 வந்து நின்னா, புது பைக் வெச்சிருக்கிறவன்கூட திரும்பிப் பார்ப்பான். 'பிக்கப் எப்படி மச்சி?', 'சைலன்ஸர் எங்க மாத்தினே?'னு கேள்வி பறக்கும். 'பிரேக் எப்படி?'னு யாராவது கேட்டிருக்காங்களா? யோசிச்சுப் பாருங்க!

1985-ல் இந்தியச் சாலைக்கு வந்து, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. 98 சி.சி., 11 குதிரைத் திறன், எடை சுமார் நூறு கிலோ. பறக்கத்தான் செய்யும். ஆனால், முன்னாலும் பின்னாலும் இருப்பது டிரம் பிரேக். டூ ஸ்ட்ரோக் என்பதால், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. ஏ.பி.எஸ். பேச்சுக்கே இடமில்லை. 30 கி.மீ. வேகம் 60 ஆனால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்கு இல்லை பாஸ், நாலு மடங்கு! 60-ல் போகும்போது ஒரு விநாடி அசந்தாலே 16 மீட்டர் தாண்டியிருப்பீங்க.

நான் ஓட்டுறது எங்க அப்பா 1993-ல வாங்கின வண்டி. சாவி தரும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "முன் வீலைக் கழட்டி, பிரேக்கை நீயே மாட்டு. அப்புறம் ஓட்டு." எனக்குக் கடுப்பு. மெக்கானிக் எதுக்கு இருக்கார்னு கேட்டேன். "உன்னை டேங்க் மேல உட்கார வெச்சு எல்.கே.ஜி.க்குக் கூட்டிட்டுப் போன வண்டிடா இது. அப்பல்லாம் நான் பிக்கப்பைப் பத்தி நினைச்சதே இல்ல"ன்னார். அதுக்கு மேல நான் என்ன பேச?

அன்னிக்குக் கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன். டிரம்முக்குள்ள ரெண்டு ஷூ, நடுவுல ஒரு கேம். லீவரைப் பிடிச்சா கேம் திரும்பி, ஷூவை டிரம் மேல அழுத்தும். அவ்வளவுதான் விஷயம். லைனிங் தேயத் தேய, கேம் அதிகமாத் திரும்ப வேண்டியிருக்கும். நாம நட்டை மட்டும் இறுக்கி சமாளிப்போம். பிரேக் பிடிக்கும்போது கேபிளும் அது இழுக்கிற ஆர்மும் செங்கோணத்தைத் தாண்டிட்டா, நட்டை விட்டுடுங்க... ஷூவை மாத்துங்க!

லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தா, உப்புத்தாள் போட்டு லேசா தேய்க்கலாம். ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தா புதுசுதான். உள்ளே இருக்கிற தூசியை மட்டும் வாயால ஊதவே ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால துடைச்சு எடுங்க. வீலைத் திரும்ப மாட்டும்போது, பிரேக் லீவரைப் பிடிச்சுக்கிட்டே ஆக்ஸில் நட்டை இறுக்கினா, ஷூ டிரம்முக்கு நடுவுல சரியா உட்காரும். மழைத் தண்ணியில இறங்கி வந்தா, மெதுவா போய்க்கிட்டே லேசா பிரேக் பிடிச்சுக் காய வைங்க. நனைஞ்ச டிரம் சட்டுனு பிடிக்காது.

'முன் பிரேக் பிடிச்சா குப்புறத் தள்ளிடும்'னு ஒரு பயம் நமக்கு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் வீலுக்குத்தான் போகுது. அதனால நிறுத்துற வேலையில பெரும்பகுதி அதோடதுதான். வெடுக்குனு பிடிக்காம, படிப்படியா அழுத்தினா போதும்.

ஃப்ரெண்டோட பழைய புல்லட்டை 'ஒரு ரவுண்டு' கேட்கிறவங்களுக்கு ஸ்பெஷல் எச்சரிக்கை: அதுல கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! திடீர்னு நாய் குறுக்கே வந்தா, உங்க வலது கால் பழக்கத்துல கியரைத்தான் மிதிக்கும். காலி கிரவுண்ட்ல ஓட்டிப் பழகாம ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

ஒரு செட் பிரேக் ஷூ, நாம சைலன்ஸருக்குச் செலவழிக்கிற காசுல சின்னப் பகுதிதான். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீலைக் கழட்டிப் பாருங்க. திங்கட்கிழமை டபுள்ஸ் வரப்போற உங்க ஃப்ரெண்ட், வண்டியை இல்ல... உங்களைத்தான் நம்பி ஏறுறான்!