திருப்பிப் போடுகிற வேலை

நான் ஓய்வு பெற்ற அன்று வார்டில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஒருவர் இப்படிப் பேசினார்: "சிஸ்டர் சர்வீஸ் முழுக்கப் பேஷண்டைத் திருப்பிப் போட்டே ஓட்டிட்டாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத்தான் வைத்தேன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் கோபம் வந்தது. ஆமாம், திருப்பித்தான் போட்டேன். அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தச் சிவகாசி வட்டாரத்தில் எத்தனை பேர் என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் படுக்கையில் விழுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, பனையிலிருந்து விழுந்தவர், பட்டாசு ஆலை வெடித்த வேகத்தில் சுவர் சரிந்து முதுகுத்தண்டு போனவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை ஊரே மறக்காது. அதுபோன்ற நாள்களில் செத்தவர் எத்தனை, தீக்காயம் எத்தனை என்று பேப்பரில் வரும். முகமும் நெஞ்சும் கையும் வெந்தவர் வாரக்கணக்கில் மல்லாந்தே கிடப்பார். தீ தொடாமல் விட்ட முதுகைப் படுக்கை தின்றுவிடாமல் காப்பது யார் வேலை என்று எந்தப் பேப்பரிலும் வராது.

படுக்கைப் புண் வராமல் திருப்ப, நோயாளிக்கு அடியில் விரித்த டிரா ஷீட்டைப் பிடித்து இரண்டு பேராகத் தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. 30 டிகிரி சாய்வு போதும். புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் மார்க் 12-க்கு இறங்கிவிட்டால் சிலருக்கு இரண்டு மணி நேர இடைவெளிகூட நீளம்தான். இதெல்லாம் இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, விளக்கத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது தெரியாததை.

எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இது: எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்து. வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் முதல் நிலைப் புண். டோரீன் நார்ட்டன் அம்மையார் 1962-இல் இங்கிலாந்தில் முதியவர்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்குப் புண் வரும் என்று மார்க் போடும் முறையைக் கொண்டுவந்தார். 1987-இல் அமெரிக்காவிலிருந்து பிரேடன் அளவுகோல் வந்தது. இரண்டும் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் வத்திராயிருப்பு வயலில் வெயில் தின்று கறுத்த முதுகில் சிவப்பு எங்கே தெரியும்? நம் ஜனங்களின் தோலில் அந்தச் சிவப்பு தெரிகிற நேரத்தில் பலருக்கு உள்ளே சதை செத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வார்டு சிஸ்டரைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை படித்தவர். ஒல்லியான உடம்பு, கறாரான வாய். நான் புதிதாகச் சேர்ந்த சமயம் ஒரு முதுகுத்தண்டுக் கேஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சிஸ்டர், சிவப்பு இல்ல" என்றேன்.

"கண்ணு வச்சுப் பாத்தது மதி மக்களே. கைய வச்சுப் பாரு" என்றார்.

புறங்கையை வால் எலும்பின் மேல் வைக்கச் சொன்னார். பிறகு ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். மறுபடி அதே இடம். எலும்பின் மேல் சூடு ஒரு மாத்திரை கூடுதலாக இருந்தது. விரல் நுனியால் அழுத்தினால் சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாக இருந்தது. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தார். கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக, ஊதா கலந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குத் தெரிந்தது. "சூடு வரும், பொறகு குளுந்து போவும். கெட்டியா இருக்கும், பொறகு பழுத்த தக்காளி மாதிரி கொழகொழன்னு ஆவும். அதுக்குப் பொறகு நீ பாத்து என்ன, பாக்காம என்ன?" அன்றைக்கும் மறுநாளும் அந்த நோயாளியை மல்லாக்கப் போடவேயில்லை. வலம், இடம், வலம், இடம். மூன்றாம் நாள் சூடும் கெட்டியும் போய் அந்த இடம் சுற்றியுள்ள தோல்போலவே ஆனது. அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. கேஸ் ஷீட்டில் எழுத ஒரு வரி கிடையாது. புண் வந்து ஆற்றினால் பெயர் வரும். வராமலே தடுத்தவளுக்கு என்ன சாட்சி?

டியூட்டி மாறும்போது வார்டு சிஸ்டர் நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட மாட்டார். "சீட்டத் தந்துட்டு முதுகத் தராமப் போவாத பிள்ளே" என்பார். போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து ஒவ்வொருவராகத் திருப்பி, இரண்டு பேரும் தொட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். பஸ் போய்விடும் என்று அழுதாலும் விட மாட்டார்.

முதுகுக்கு ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது அந்தக் காலத்து வழக்கம். அதையும் அவர்தான் நிறுத்தினார். ஸ்பிரிட் தோலைக் காயவைக்கும். எங்கள் ஊர் கத்திரி வெயில் வியர்வையில் பவுடர் மடிப்புகளில் கட்டிதட்டி அறுக்கும். சோப்பும் அப்படித்தான். தோலுக்கு வேண்டியது லேசான புளிப்பு, சோப்போ காரம். சுத்தமான தண்ணீரில் துடைத்து, ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெய் மெலிதாகத் தடவினால் போதும். எலும்பின் மேல் அழுத்தித் தேய்க்கவே கூடாது.

வீடுகளில் நடப்பதைச் சொன்னால் வயிறு எரியும். பழைய சேலையைச் சும்மாடு சுற்றி இடுப்புக்குக் கீழே வைக்கிறார்கள். நடுவில் அழுத்தம் இல்லை, சரி. சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை அடைப்பது யார் கணக்கு? கையுறையில் தண்ணீர் ரொப்பிக் குதிகாலுக்குக் கீழே வைக்கும் வித்தை இன்னும் பல வார்டுகளில் ஓடுகிறது. குதிகாலுக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கெண்டைக்காலுக்குத் தலையணை கொடுத்தால் குதிகால் தானாக அந்தரத்தில் நிற்கும். டிவி பார்க்கட்டும் என்று தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவார். தோல் மெத்தையில் ஒட்டிக்கொள்ளும், எலும்பு மட்டும் இறங்கும். தீப்பெட்டி ஒட்டியும் திரி சொருகியும் காலமெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்த பெண்களுக்குக் கணுக்கால் காய்த்திருக்கும். சர்க்கரையும் இருந்தால் அங்கே வலி தெரியாது. அவர்களை ஒருக்களித்துப் போடும்போது முதலில் அந்தக் கணுக்காலைப் பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாவற்றுக்கும் ஏர் பெட் என்கிறார்கள். நல்ல சாமான்தான், நான் எதிரியில்லை. ஆனால் கரண்ட் போனால் காற்றும் போகும். கரண்ட் இருந்தாலும் அது ஆளைத் திருப்பாது. "அதான் ஏர் பெட் இருக்கே மேடம்" என்று ஒரு பெண் என்னிடமே சொன்னாள். அவள் டர்னிங் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 8, 10, 12, 2, 4 என்று ராத்திரி முழுக்க டிக். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. அச்சுக்குப் பேர்போன ஊர், சார்ட் அழகாகத்தான் அடித்திருந்தார்கள். போர்வையை விலக்கினால் குதிகாலில் கொப்புளம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். ஒரு இடம் என்றால்தானே சொல்வதற்கு!

அந்தப் பெண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு வார்டுக்கு எத்தனை பேரைப் போடுகிறார்கள்? வீட்டில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களையோ நான்கு நாள் பழக்கி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அனுப்புகிறார்கள். 2021-இல் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கிறார்கள், நல்ல காரியம். வந்துபோகிற நர்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு இருக்க முடியாது. அப்போது திருப்புகிற மருமகளுக்கு யார் சொல்லித்தருவது?

விருதுநகரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. நர்சிங் படிப்புக்குப் பரீட்சை வைக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புண் எத்தனை நிலை என்று எழுதச் சொல்லி மார்க் போடாதீர்கள். கறுத்த முதுகு ஒன்றைக் காட்டி, எங்கே புண் வரப்போகிறது என்று தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதவர் பாஸ் ஆகக் கூடாது.